பக்கத்து சீட்டுக்காரி

பேசக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை காலை காரில் ஏறினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பதினாறு வருஷமாக என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி கார் ஓட்டும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறவள் நான். "இடது பக்கம் லாரி வருதுங்க." "சிக்னல் மஞ்சளாயிருச்சு." "சைக்கிள்காரன் ஒருத்தன் வர்றான், பாத்துப் போங்க." அந்த வாய் மூடியிருந்த ஒரே ஒரு காலைப்பொழுதில் நாங்கள் மூன்று பேரும் செத்துப்போயிருப்போம்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது. அவருக்கு இரண்டு கண்ணிலும் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும். அன்று காலை இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பதினொரு மாசமாக என் வாயைக் கண்ணாக வைத்துக்கொண்டு அவர் டெக்சஸ் ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறார். நான் மக்கு மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சபதத்துக்குக் காரணம் என் மகள் தென்றல். பதினான்கு வயது. முந்தின வாரம் புஷ்பவல்லி வீட்டில் பாட்லக், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோய்ச் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. டெக்சஸில் நாங்கள் இருக்கிற காப்பெல் ஊரில் எங்கள் தெருவிலேயே நாலாவது வீடு. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு வேடிக்கை காட்டினார்கள். தென்றல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, இல்லாத டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னங்க, லெஃப்ட்ல கார்! என்னங்க, ரைட்ல கார்! என்னங்க, மேல ஏரோப்ளேன்!" என்றாள். வீட்டில் ஒரு வாக்கியம் முழுசாகத் தமிழில் பேசாதவள், என்னைக் கேலி செய்ய மட்டும் அச்சு அசலாக கோபிச்செட்டிபாளையத்துத் தமிழ் பேசினாள். இருபது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புஷ்பவல்லிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் சிரித்து வைத்தேன். உள்ளே சுருக்கென்று இருந்தது. பெற்ற மகளே நாலு பேர் நடுவில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று ஒரு வாரம் ஆறவில்லை.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். என் பக்கம் நிற்கிறார் என்று நினைத்து மறுநாள் காலை அவருக்கு இரண்டு முட்டை தோசை கூடுதலாகப் போட்டேன். முன்னெல்லாம் நான் கார் என்று சொன்னால், "எனக்குக் கண்ணு இல்லையா? நீயே ஓட்டு" என்று எரிந்து விழுவார். ஒரு வருஷமாக அது நின்றுபோயிருந்தது. நான் சொன்னால் "ம்" என்பார். சில சமயம், "வேற?" என்று கேட்பார். நாற்பத்தாறு வயதில் மனுஷனுக்கு ஒரு பக்குவம் வந்துவிட்டது என்று என் அம்மாவிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன்.

"நீயே ஓட்டு" என்பதில் ஒரு குத்தல் இருந்தது. எனக்கு டிரைவிங் லைசென்ஸ் உண்டு, கார் உண்டு. ஆனால் சிக்னலே இல்லாமல் எல்லாரும் பறக்கிற ஃப்ரீவேயில் ஏற மாட்டேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு தடவை ஏறினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்த அடியில் கை கால் விறைத்து, எந்த எக்ஸிட் என்று பார்க்காமல் இறங்கி, லூயிஸ்வில்லில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தி அழுதுகொண்டிருந்தேன். அவர்தான் டாக்ஸி பிடித்து வந்து என்னையும் காரையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்கப்புறம் டெக்சஸ்காரன் ஃப்ரீவேக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கும் சர்வீஸ் ரோடுதான் எனக்குக் கதி. இருபத்தைந்து நிமிஷத்தில் போகிற பக்கத்து ஊர் ப்ளேனோவுக்கு நான் ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். யார் சிரித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

இந்த லட்சணத்தில் அவருக்கு ஆர்.வி. ஆசை வந்தது. ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. போகிற இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். பிப்ரவரியிலிருந்து ராத்திரி பகல் அதே பேச்சு. முப்பது அடியா, இருபத்திநாலு அடியா, இழுத்துப்போகிற ட்ரெய்லரா, தானே ஓடுகிற வண்டியா என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருந்தார். கிராண்ட் கேன்யன், சயான், யெல்லோஸ்டோன், அங்கிருந்து கடல் வரைக்கும். பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் கிளம்பி ஆறு வாரம். தன் தங்கச்சி கல்யாணத்துக்கே எட்டே நாள் லீவு போட்ட மனுஷன், ஆறு வாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அடுத்த வருஷம் போலாமுங்க. இவளுக்கு நீச்சல் கேம்ப் வேற இருக்குது" என்றேன்.

"இல்ல எழில். இந்த சம்மர்தான்."

"மலை என்ன ஓடியா போயிரும்?"

அவர் எழுந்து போய்க் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். ஸ்க்ரீன் பார்த்துப் பார்த்துக் கண் வறண்டுவிட்டது என்று சொல்லியிருந்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஆக அந்தச் சனிக்கிழமை, ஏரியைத் தாண்டி டென்டன் பக்கம் இருக்கிற ஒரு ஆர்.வி. கடைக்குக் கிளம்பினோம். நான் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி வாயையும் பூட்டிக்கொண்டேன். பின்னால் தென்றல் காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள்.

தெருமுனை தாண்டியதுமே அவர் ஓரக்கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாகத் தலையை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கற?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஃப்ரீவேயில் ஏறும்போது கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டிப் பார்த்தார். எழுபதில் போகிற ரோட்டில் வலது ஓரமாக ஐம்பதில் போனார். எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்டியரிங்கை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

"எழில், வலது பக்கம் யாராச்சும் வர்றாங்களா?"

என்னை வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன். "பாத்து ஓட்டத் தெரியாதா?" என்று வாய் வரை வந்தது. சபதம் ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டேன்.

ஏரிப் பாலத்தில் ஏறினோம். மே மாச வெயிலில் இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. எப்போது இந்தப் பாலத்தில் போனாலும் "பவானிசாகர் மாதிரி இருக்குதில்ல" என்று சொல்கிறவர், அன்று தலையைத் திருப்பவே இல்லை. பாலம் முடிந்ததும் முதல் எக்ஸிட்டிலேயே இறங்கி சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிட்டார். கடைக்கு இன்னும் நாலு எக்ஸிட் இருந்தது. என்னைப் போல ஓட்டிக் காட்டிக் கிண்டல் செய்கிறார் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. கடை வாசலில் இஞ்சினை அணைத்துவிட்டு அவர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்த காரில் சட்டை நனைந்திருந்தது.

விற்பனைக்காரன் பெயர் ட்ராவிஸ். ஆறடிக்கு மேல் உயரம், கையில் ஒரு கொத்துச் சாவி. முதலில் எங்கள் பயணம் எப்படிப்பட்டது என்று கேட்டான். எத்தனை பேர், எத்தனை நாள், ஒரே இடத்தில் தங்குவீர்களா, தினமும் ஓடிக்கொண்டிருப்பீர்களா, வண்டியை ஓட்டப்போவது யார்? பெரிய வண்டி வாங்கினால் வசதி, ஆனால் மலைப்பாதையில் திண்டாட்டம், சில பார்க்கில் உள்ளேயே விட மாட்டார்கள். சின்ன வண்டி எங்கேயும் நுழையும், ஆனால் உள்ளே ஒருவர் நடந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். தேவையைச் சொன்னால் வண்டியைச் சொல்கிறேன் என்றான்.

"நான்தான் ஓட்டுவேன்" என்றார் அவர், கேட்ட கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு மட்டும்.

நேராகப் போய் நின்றது முப்பத்திநாலு அடி வண்டி முன்னால். பஸ் மாதிரி இருந்தது. முன்னால் முழுக்க ஒரே கண்ணாடி, சினிமாத் திரை போல. நான் உள்ளே ஏறி அடுப்பைப் பார்த்தேன், தாளித்தால் புகை வெளியே போகிற ஃபேனைப் போட்டுப் பார்த்தேன். தென்றல் அடுக்குக் கட்டிலில் மேலே ஏறிப் படுத்துக்கொண்டாள். அவர் கட்டிலையும் பார்க்கவில்லை, அடுப்பையும் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடி வழியாக எதிரே இருந்த வெறும் சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ட்ராவிஸிடம் ஒரு கேள்வி கேட்டார். வண்டி ஓடும்போது, இஞ்சின் சத்தத்தில், பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால் டிரைவருக்குக் காது கேட்குமா?

ட்ராவிஸ் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கேட்காமல் இருப்பதற்குத்தான் நிறையப் பேர் வழி கேட்பார்கள் என்றான். பாட்லக்கில் பட்ட இடத்திலேயே மறுபடியும் பட்டது.

ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. சர்வீஸ் ரோட்டில் அரை மைல், அப்புறம் ஃப்ரீவேயில் ஏறி ஏரியைத் தாண்டி இறங்கித் திரும்பி வரலாம். கடையின் விதிப்படி விற்பனைக்காரன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நானும் தென்றலும் பின்னால் சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு புறமும்.

"என் மனைவி இங்க உட்காரட்டும்" என்றார் அவர்.

விதி அப்படி இல்லை சார் என்றான் ட்ராவிஸ்.

"அவ முன்னால உக்காந்தாத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கும் அந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பரீட்சை ஹாலில் பேனா கொண்டுவர மறந்த பிள்ளை மாதிரி இருந்தார். வேண்டாம் என்று அப்போதே இறங்கியிருக்கலாம் அந்த மனுஷன். இறங்கவில்லை. கௌரவம்.

"கோ, அப்பா!" என்று தென்றல் கை தட்டினாள்.

வண்டி கிளம்பியது. உள்ளே தட்டு முட்டெல்லாம் லேசாகக் கிடுகிடுத்தது. நான் இடது பக்க ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கடை வாசல் தாண்டி சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போதே வலது பின் சக்கரம் நடைபாதை மேல் ஏறி இறங்கியது. முதல் தடவை எல்லாரும் அப்படித்தான் என்றான் ட்ராவிஸ். வாயைத் திறக்காதே எழிலரசி, அவருக்கு ஓட்டத் தெரியும், இருபது பேர் சிரித்தது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சர்வீஸ் ரோட்டில் ஒரு இடம் உண்டு. ஃப்ரீவேயிலிருந்து இறங்குகிற சரிவு வந்து சேருகிற இடம். இறங்கி வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை, சர்வீஸ் ரோட்டில் போகிறவன் நின்று வழிவிட வேண்டும். பதினாறு வருஷம் சர்வீஸ் ரோட்டிலேயே குடித்தனம் நடத்திய எனக்கு அந்த இடங்கள் எல்லாம் மனப்பாடம். அங்கே மஞ்சள் போர்டு வருவதற்கு முன்னாலேயே என் கண் தானாக இடது பக்கம் போய்விடும்.

போனது. ஒரு பிக்கப் டிரக், பின்னால் மாட்டு ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் குறையவில்லை. எங்கள் வண்டியும் குறையவில்லை.

பார்த்திருப்பார் என்று நினைத்தேன். ட்ராவிஸ் குனிந்து ரேடியோ பட்டனைக் காட்டிக்கொண்டிருந்தான். டிரக்காரன் ஹார்ன் அடித்தான். இவர் தலை அசையவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, ரேடியோவைப் பற்றி எதற்கோ "யா, யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் எதிரே தென்றல் டிரக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்து போனில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். டிரக்கின் முன் கம்பி அவள் தலைக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

"என்னங்க! லெஃப்ட்ல வண்டி! நிறுத்துங்க!"

நான் வாயை மூடுவதற்குள் அவர் கால் பிரேக்கில் இருந்தது. அவ்வளவு பெரிய வண்டி முன்னால் குப்புறச் சாய்வது போல நின்றது. அலமாரிக் கதவெல்லாம் திறந்துகொண்டன, என் நெஞ்சில் பெல்ட் அறுத்தது. டிரக்கும் ட்ரெய்லரும் எங்கள் கண்ணாடிக்கு ஒரு முழத்தில் குறுக்கே போயின. ட்ரெய்லர் கம்பிக்குள்ளே ஒரு மாட்டின் கண்ணைக்கூட நான் பார்த்தேன். அப்புறம் ரோடு காலியாக இருந்தது.

ட்ராவிஸ் முகத்தில் ரத்தம் இல்லை. மெதுவாகக் கையை நீட்டி கியரை மாற்றி நிறுத்தி, இஞ்சினை அணைத்தான். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை விடவே இல்லை. அப்படியே உட்கார்ந்தபடி, திரும்பாமல், தமிழில் கேட்டார்.

"நீ ஏன் பேசல?"

"என்னது?"

"காலைல கார்ல ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தை பேசல நீ. நீ சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும் எழில்? எனக்குப் பக்கத்துல எதுவும் தெரியறதில்ல."

"தெரியறதில்லைன்னா?"

இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, குதிரைக்கு மறைப்புக் கட்டுவார்களே, அது மாதிரி நெற்றிப்பொட்டில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதான் தெரியும்" என்றார்.

ட்ராவிஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினான். பின்னால் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்று பேரும். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்ணில் அழுத்தம், க்ளகோமா. வலி இல்லாமல் வந்ததால் லேட்டாகத்தான் கண்டுபிடித்தார்கள். போனது திரும்ப வராது. மிச்சத்தை மருந்து விட்டு இழுத்துப் பிடிக்கலாம், எத்தனை நாளைக்கு என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. வண்டி ஓட்டக்கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"அன்னைக்கேன்னா?"

"போன ஜூன்."

ரிச்சர்ட்சனில் இருக்கிற ஆபீசுக்கு, கூட வேலை செய்கிற கிட்டுசாமி காரில் சேர்ந்து போவது ட்ராஃபிக்குக்காக இல்லை. இருட்டினால் வெளியே கிளம்பாதது அலுப்பினால் இல்லை. கராஜ் கதவில் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி உரசியது கதவின் தப்பு இல்லை. ஒவ்வொன்றாக என் தலைக்குள் வந்து விழுந்தது.

"போன ஜூனுக்கு அப்புறம் இவள நீச்சலுக்கு எத்தனை தடவை கூட்டிட்டுப் போயிருப்பீங்க?"

"நீ இல்லாம ஒரு தடவைகூடப் போகல எழில். யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். "நீயும் வாயேன், சும்மா" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டிருக்கிறார். என் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. பெற்ற பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, என் தொணதொணப்பை நம்பி, எழுபது மைல் வேகத்தில்! அடித்தேன். தோளில் இரண்டு அடி. அவர் தடுக்கவில்லை.

"அம்மா, ஸ்டாப்" என்றாள் தென்றல். அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஐ மேட் ஃபன் ஆஃப் இட். ஐ மேட் யூ ஸ்டாப்."

"நீ சும்மா இரு. உன்மேல தப்பில்ல" என்றேன். அப்புறம் அவரிடம், "ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? நான் சாவியக் கீழ வைக்கோணும். நீ ஃப்ரீவே ஏற மாட்ட. மூணு பேரும் வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டு இருப்போம்." மேஜை ஓரத்தை விரலால் தடவினார். "தெரியறப்பவே எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துரலாம்னு. பெரிய கண்ணாடி, பக்கத்துல நீ, ஆறு வாரம். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

விமானத்தில் போகலாம், டூர் பஸ்ஸில் போகலாம் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் டூர் பஸ் ஒரு இடத்தில் இருபது நிமிஷம் நிற்கும். இந்த மனுஷன் ஒரு மலையை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் பூராவும் வேண்டும், இரண்டு நாள்கூட வேண்டும். நினைத்த இடத்தில் நிற்கிற வண்டி வேண்டும். அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் லைசென்ஸ் இருக்கிற இன்னொரு ஆள் நான்தான். சர்வீஸ் ரோட்டிலேயே போய் யெல்லோஸ்டோன் சேர முடியாது.

கடைக்கு வந்து இறங்கினோம். ட்ராவிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, அப்படியானால் இந்த வண்டி வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. வரிசைக் கடைசியில் ஒரு வேன் நின்றது. உயரமான கூரை, பத்தொன்பது அடி நீளம், ஒரு அடுப்பு, ஒரு சிங்க், மடக்கினால் சோஃபா விரித்தால் கட்டில். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தேன். பிரேக் எட்டியது. கண்ணாடி வழியாகப் பின்னால் ரோடு தெரிந்தது.

"சாவி குடு" என்றேன் ட்ராவிஸிடம், தமிழிலேயே. அவனுக்குப் புரிந்தது.

"எழில், வேண்டாம்" என்றார் அவர். "உனக்கு வராது."

"வாய மூடிட்டு ஏறுங்க."

அவர் முன் சீட்டில் ஏறினார். ட்ராவிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். விதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய் தென்றலுக்கு எதிரே உட்கார்ந்தான்.

சர்வீஸ் ரோடு என் வீடு மாதிரி. அந்தச் சரிவு சேருகிற இடத்தில் நின்று, இடது பக்கம் இரண்டு தடவை பார்த்து, யாரும் இல்லாவிட்டாலும் மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுப் போனேன். அடுத்த வளைவில் ஃப்ரீவேக்கு ஏறுகிற பாதை வந்தது. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. லூயிஸ்வில் பெட்ரோல் பங்க் கண் முன்னால் வந்தது. சும்மா சர்வீஸ் ரோட்டிலேயே நேராகப் போய்விடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. என் இடது பக்கத்தை அவரால் பார்க்க முடியாது.

ஏறினேன்.

பாதை நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. நாற்பது, ஐம்பது. வலது பக்கம் கோடு நெருங்கிக்கொண்டே வந்தது. இடது பக்கக் கண்ணாடியில் ஒரு பெரிய லாரி, அதன் பின்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. கால் தானாக பிரேக்குக்குப் போனது. இங்கே நின்றால் பின்னால் வருகிறவன் மோதுவான் என்று தெரியும், இருந்தாலும் போனது. பாதை முடிய நூறு அடிதான் இருக்கும்.

"அம்மா! லெஃப்ட்ல லாரி!"

தென்றல் பெல்ட்டை இழுத்துக்கொண்டு இடது ஜன்னலில் முகத்தை ஒட்டியிருந்தாள்.

"லாரி போகட்டும்மா. பின்னால கார். வெள்ளக் கார். அதுவும் போகட்டும். நிறுத்தாதம்மா! இப்ப ஒண்ணும் இல்ல. போ, போ, இப்பப் போ!"

காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்து மிதித்தேன். வேன் உறுமிக்கொண்டு இடது பக்கம் சாய்ந்து கோட்டைத் தாண்டியது. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அறுபத்தைந்து. நான் ஃப்ரீவேயில் இருந்தேன். பின்னால் ட்ராவிஸ் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. தென்றல் இன்னும் நிறுத்தவில்லை. "லெஃப்ட்ல கார்மா. பரவால்ல, அவன் பாட்டுக்குப் போறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேலி இல்லை அதில்.

எனக்குக் கோபம் தீரவில்லை. வீட்டுக்குப் போய் அதை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்கு நிறைய நாள் இருக்கிறது. அதற்குள் ஏரிப் பாலம் வந்துவிட்டது, காலையில் அவர் திரும்பியே பார்க்காத பாலம்.

"என்னங்க, ரைட்ல ஏரி. தலையத் திருப்புங்க."

அவர் திரும்பினார்.

"இன்னும் நல்லாத் திருப்புங்க. நான் ரோட்ட விட்டுக் கண்ண எடுக்க மாட்டேன். அங்க என்ன இருக்குதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி நல்லா ஏறியிருக்குது" என்றார். "ஒரு படகு போகுது. வெள்ளப் பாய் கட்டுனது. அதுல ரெண்டு பேரு இருக்கறாங்க. ஒரு அம்மா, தொப்பி போட்டுட்டு. அக்கட்டால கரையில மரம், அதுக்குப் பக்கத்துல..."

பாலம் முடிகிற வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை.